வைப்பாத்துல போட்ட காசு

காசு போட்டீங்களாக்கா? கையை பஸ் ஜன்னலுக்கு வெளியே நீட்டும்போதே பாத்தேன். போடுங்க, நல்லதுதான். பரமத்தி வேலூர்ப் பாலத்துல காவேரிக்குக் காசு போடாம எங்க பக்கத்து ஆளுங்க யாரும் தாண்டமாட்டாங்க. ஆடி மாசம் வேற, ரெண்டு கரையும் தொட்டுத் தண்ணி போவுது. ஆனா காசு தண்ணியிலதான் விழுந்துச்சான்னு பாத்தீங்களா? பாக்கலையா. அதைப் பாத்துக்கணுங்கக்கா. ஒரு காசைப் போட்டுட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பாப்பா காலு உங்க சேலை மேல படுதுங்களா? தூங்கிட்டாக் கல்லு மாதிரி கனப்பா. மிதுனான்னு பேரு. வர்ற கார்த்திகை வந்தா மூணு முடியுது. அந்தப் பையை இப்படிக் குடுங்க, என் காலுக்கடியில இடம் இருக்கு. நீங்களும் மதுரைதானுங்களே? நாங்களும் ஆரப்பாளையம் வரைக்கும். அங்க இவங்கப்பா வந்து நிப்பாரு, எங்களைக் கூட்டிட்டுப் போக. இவளைப் பாத்து நாலு மாசமாச்சு அவரு.

பாத்துன்னா, அவருக்குக் கண்ணு தெரியாதுங்க. பேச்சுக்கு அப்படிச் சொல்றது. வீட்டுலயும் அப்படித்தான் சொல்லுவோம், டி.வி. பாத்தீங்களா, பாப்பாவைப் பாத்துக்கங்கன்னு. அவரு அதையெல்லாம் மனசுல வெச்சுக்கமாட்டாரு. வெச்சுக்கிட்டாரான்னு நான் கேட்டதும் இல்லை.

அட, நீங்க எதுக்கு மூஞ்சியைத் தொங்கப் போடறீங்க. நானே சிரிச்சுட்டுத்தான் இருக்கேன். எங்க பண்ணையில என்னை ரேடியோன்னுதான் கூப்பிடுவாங்க. கோழிப்பண்ணைங்க. முட்டையைப் பொறுக்கி அட்டையில அடுக்கற வேலை. சுகந்தி வரலைன்னா கோழிகூட முட்டை போடாம யோசிக்கும்னு மேனேஜர் சொல்லுவாரு. நான் பேசறது தொந்தரவா இருந்தாச் சொல்லிருங்க, நிறுத்திக்கறேன்.

அந்தப் பண்ணைக்கு லோடு ஏத்த வந்தவருதான் இவங்கப்பா. நாமக்கல்லுல இருந்து நாகர்கோயில் வரைக்கும் முட்டை லாரி. முட்டை வண்டி ஓட்டறதுன்னா சும்மா இல்லீங்க. இரும்பு ஏத்தினவன் குழியில விட்டு எடுத்துட்டுப் போயிடலாம். முட்டைக்காரன் ரோட்டைப் புருவத்தாலயே தடவிப் பாத்துத்தான் ஓட்டணும். அப்படி ஓட்டின மனுசனுக்குத்தான் கண்ணுல நீர் அழுத்தம் வந்துச்சு. வலி கிடையாது, செவப்புக் கிடையாது. ஓரத்துல இருந்து கொஞ்சங் கொஞ்சமா இருட்டிக்கிட்டே வந்திருக்கு. இவரு யாருக்கும் சொல்லலை. லாரிக் கண்ணாடி அழுக்கா இருக்குன்னு சொல்லி என்னை விட்டுச் சோப்புப் போட்டுக் கழுவ வெச்சாரு. நானும் வயித்துல இவளைத் தூக்கிக்கிட்டு ஏணி போட்டு ஏறிக் கழுவினேன். பளபளன்னு இருக்குதுங்க மாமாங்கறேன், இல்லை இன்னும் அழுக்கு இருக்குதுங்கறாரு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. ஏன் மாமா சொல்லலைன்னு கேட்டதுக்கு, நீ புள்ளைத்தாச்சி, பயந்துக்குவேன்னு சொல்லலைன்னாரு. சரின்னு விட்டுட்டேன். பாசத்துல மறைச்சது பொய்யாகுமா, சொல்லுங்க. அவரு மறைச்சா மட்டும் அது பாசம்.

அதை அப்புறம் சொல்றேன்.

கண்ணு போனவரு வீட்டுக்குள்ளயே உக்காந்துட்டாரு. இவ பொறந்தா. கையில குடுத்தோம், வாங்கி மடியில வெச்சுக்கிட்டு மூஞ்சியெல்லாம் தடவினாரு. யாரு ஜாடைன்னு கேட்டாரு. உங்க ஜாடைதான் மாமா, அச்சுல வார்த்த மாதிரின்னு சொன்னேன். அன்னைக்குத்தான் ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுக்கு அப்புறம் முதல் தடவையா அவரு மூஞ்சி மலர்ந்துச்சு. அதுல இருந்து நான்தான் அவருக்குக் கண்ணுன்னு வெச்சுக்கிட்டேன். காலையில எந்திரிச்சதுல இருந்து சொல்லிக்கிட்டே இருப்பேன். முருங்கை பூத்திருக்கு, பக்கத்து வீட்டுல நீலத்துல பெயிண்ட் அடிச்சிருக்காங்க, உங்க தலையில ஒரு நரை கிடையாதுன்னு. லாரி ஆபீஸ்ல இருந்து எல்லாரும் விசாரிச்சாங்க, போன் வந்தப்ப நீங்க தூங்கிட்டிருந்தீங்கன்னு.

நரைச்சிருந்துச்சுங்க. காதோரமெல்லாம். போனும் யாரும் பண்ணலை. அதுக்கு? நரைச்சுப் போச்சு, ஒருத்தனும் உங்களை நினைக்கலைன்னு சொல்லணுமா? கொழம்புல உப்புப் போடறதில்லையா நாம. அந்த மாதிரித்தான்.

இந்த வருசம் தை மாசம் எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு டாக்டரம்மா வந்தாங்க. பல் டாக்டர். நாமக்கல்லுல சைக்கிள் கிளப் வெச்சிருக்காங்க. வருசா வருசம் கூட்டமாக் கன்னியாகுமரி வரைக்கும் மிதிச்சுட்டுப் போவாங்களாம். நாலு நாள். இந்தத் தடவை கண்ணு தெரியாதவங்களையும் கூட்டிட்டுப் போறோம், ரெண்டு பேர் மிதிக்கற சைக்கிள் வாங்கியிருக்கோம்னு சொன்னாங்க. முன் சீட்டுல கண்ணு தெரிஞ்சவங்க, பின் சீட்டுல தெரியாதவங்க. நான் அங்கயே கையைத் தூக்கிட்டேன். பதினொண்ணாம் வகுப்புல கவர்மெண்டு குடுத்த சைக்கிளை இன்னைக்கு வரைக்கும் பண்ணைக்கு ஓட்டிட்டுப் போறவ நான். அது அவரு ஓட்டின ரோடு. அந்த ரோட்டுல காத்துப் பட்டா மனுசன் மாறிடுவாருன்னு எனக்கு ஒரு நம்பிக்கை. என் ஆசை அவ்வளவுதானுங்க. அவரு பழையபடி என்கூட சிரிச்சுப் பேசணும்.

அவரு மாட்டேன்னுதான் சொன்னாரு. நான் விடலை.

கிரவுண்டுல ஒரு மாசம் பழகினோம். ஒண்ணு ரெண்டு மிதின்னு சேந்தாப்புல எடுக்கணும், இல்லைன்னா ரெண்டு பேரும் தரையில. முதல் வாரம் முழுக்கத் தரையிலதான் இருந்தோம். டாக்டரம்மா முன்னாடி உக்கார்றவங்களை எல்லாம் கேப்டன்னு கூப்பிட்டாங்க. எங்களை நிக்க வெச்சு ஒண்ணு சொன்னாங்க: "பின் சீட்டுல பிரேக் கிடையாது, திருப்பறதும் கிடையாது. உங்க வாய்தான் அவங்களுக்கு ரோடு. பாத்ததைச் சொல்லுங்க. பாக்காததைச் சொல்லாதீங்க." குழின்னாக் குழின்னு சொல்லணும், பின்னாடி இருக்கறவங்க பெடல்ல எந்திரிச்சு நின்னுக்குவாங்க. இல்லாத குழியைச் சொன்னா வீணா எந்திரிப்பாங்க, தடுமாறும். இதுல என்ன கஷ்டம், பேசறதுக்கு எனக்குச் சொல்லியா குடுக்கணும்னு நினைச்சேன்.

எங்க தெருவுல பொம்பளைங்க எல்லாம் வாயைப் பொத்திச் சிரிச்சாங்க. புருசனைப் பின்னாடி வெச்சு ஓட்டிட்டுப் போறா, சந்தைக்கு ஆட்டுக்குட்டி கொண்டுபோற மாதிரின்னு. என்ன பேசிக்கறாங்கன்னு அவரு கேட்டாரு. ஜோடி நல்லா இருக்குன்னு பேசிக்கறாங்கன்னு சொன்னேன்.

இவளை எங்கம்மாகிட்ட விட்டுட்டு மாசி மாசம் கிளம்பினோம். நாப்பது அம்பது சைக்கிள். கரூர் தாண்டறதுக்குள்ள மனுசன் மாறிட்டாருங்கக்கா. நான் சொன்னேன்ல. பின்னாடி இருந்து எனக்கே ரோடு சொல்றாரு. இப்ப எறக்கம் வரும் பாரு, எறக்கம் முடிஞ்சதும் இடது கைப்பக்கம் புளியமரம் வரும்ங்கறாரு. வருது. காவேரியில காசு போட்டாரு, இதே பாலந்தான், அமராவதியில போட்டாரு. லாரி ஓட்டற காலத்துல இருந்தே பழக்கம், ஆத்தைத் தாண்டினாக் காசு போடாமப் போகமாட்டாரு. நான் ஒரு குழியைக் கவனிக்காம விட்டுட்டேன், தூக்கிப் போட்டுச்சு. பின்னாடி இருந்து, "பத்து முட்டை போச்சு"ங்கறாரு. எனக்கு ஒரு நிமிசம் புரியலை. அப்புறம் சிரிச்ச சிரிப்புல ஹேண்டில்பார் ஆடிப் போச்சு. அதுக்கப்புறம் ஒவ்வொரு குழிக்கும் முட்டைக் கணக்குத்தான். ஒரு அட்டை போச்சு, முதலாளி சம்பளத்துல புடிப்பான் பாத்துப் போன்னு. டாக்டரம்மா பக்கத்துல வந்து என்னம்மா ரெண்டு பேரும் இப்படிச் சிரிக்கறீங்கங்கறாங்க. ஒண்ணு சொல்றேன், நீங்க தப்பா நினைக்கக் கூடாது. ரெண்டு குழியில நான் வேணும்னே விட்டேன்.

திண்டுக்கல் தாண்டி ஒரு டீக்கடை. அவரு வழக்கமா லாரியை ஓரங்கட்டற கடை. வருதா வருதான்னு கேட்டுக்கிட்டே வந்தாரு. ரோடு அகலம் பண்ணினதுல அந்த இடத்துல கடையே இல்லீங்க, செங்கல்லும் மண்ணுந்தான் கிடக்கு. வந்திருச்சு மாமா, அப்படியே இருக்குது, ஆனா இன்னைக்குச் சாத்தியிருக்காங்கன்னு சொன்னேன். அண்ணன் எங்கயாவது கல்யாணத்துக்குப் போயிருப்பாருன்னு அவரே ஒரு காரணமும் சொல்லிக்கிட்டாரு. யாருக்கு என்ன நட்டம்.

மூணாம் நாள் சாத்தூரு. டவுன் ஓரமா வைப்பாத்துப் பாலம். சேவு வாங்கணும்னு எல்லாரும் நிறுத்தினாங்க. நாங்க மட்டும் பாலத்து மேல மெதுவாப் போயி நடுவுல நிறுத்தினோம். அவரு லாரி ஓட்டின காலத்துல சொல்லிக்கிட்டே இருப்பாரு, எத்தனையோ வருசமா அந்தப் பாலத்தைத் தாண்டறேன், ஒரே ஒரு ஐப்பசியிலதான் வைப்பாத்துல தண்ணி ஓடிப் பாத்தேன், பின்னாடி ஆரன் அடிச்சுத் தொலைச்சானுங்க, நான் வண்டியை எடுக்கலை, எறங்கி நின்னு பாத்துட்டுத்தான் எடுத்தேன்னு. நமக்குப் பொண்ணு பொறந்தா வைப்பாத்துல தண்ணி போறப்பக் கூட்டிட்டு வந்து காட்டணும்னு கல்யாணமான புதுசுல சொல்லியிருக்காரு.

சைக்கிள்ல இருந்து ஒரு காலை ஊணிக்கிட்டு அவரு கேட்டாரு: "தண்ணி போகுதா சுகந்தி?"

கண்ணு போனதுல இருந்து அவரு என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்லீங்க. பக்கத்துலயே இருக்கறவளை எதுக்குக் கூப்பிடறது. அன்னைக்குக் கூப்பிட்டாரு. அந்தக் கொரலைக் கேட்டிருந்தா நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பீங்க.

கீழ ஒரு பொட்டுத் தண்ணி இல்லைக்கா. வெள்ளையா மணலு, அதுலயும் பாதிக்கு மேல சீமைக்கருவேலம். நான் சொன்னேன், போகுதுங்க மாமா, நெறையாப் போகுதுன்னு. அதோட நிறுத்தியிருக்கலாம். என் வாயி நிக்கலை. நுரை கட்டிக்கிட்டுப் போகுது, கரையோரம் கொக்கு நிக்குது, ஒரு பொம்பளை துணி தொவைக்கறான்னு. அவரு அப்படியே நின்னு கேட்டாரு. மூஞ்சியை ஆத்துப் பக்கம் திருப்பிக்கிட்டு. எனக்கு மனசெல்லாம் நெறைஞ்சு போச்சு. அப்புறம் சட்டைப் பையில கையை விட்டு ஒரு காசை எடுத்தாரு. கண்ணுல ஒத்திக்கிட்டாரு. கையை ஓங்கி வீசினாரு.

வீசிட்டுக் காதைக் குடுத்துக்கிட்டு நிக்கறாரு. சத்தமே வரலை. மணல்ல விழுந்த காசு என்ன சத்தம் போடும். விழுந்துச்சான்னு கேட்டாரு. விழுந்துச்சுங்க, நடுத்தண்ணியிலன்னு சொன்னேன்.

சொல்லி வாயை மூடலை. கீழ இருந்து ஒரு பொம்பளை கத்தறா: "எவன்யா அது பாலத்து மேல? கீழ ஆடு மேயுறது தெரியல? ஆட்டுக் கண்ணுல பட்டா என்னத்தச் செய்யுறது?"

அவ கத்தினதுக்கு ஆடுங்களும் சேந்து கத்துது. எங்க காலுக்கு நேரா கீழ. ஆத்துக்கு நடுவுல.

அவங்க அந்தக் கரையில மேய்க்கறாங்க மாமான்னு சொன்னேன். அவரு சத்தம் போட்டிருந்தாக்கூடத் தேவலை. பின் சீட்டுல ஏறி உக்காந்து பெடல்ல காலை வெச்சுக்கிட்டு, "எடு"ன்னாரு. அவ்வளவுதான்.

கோயில்பட்டி வரைக்கும் நான் ஓட்டினேன்னா, அது எனக்குத்தான் தெரியும். பேச்சை நிறுத்தினா பொய்யி சொன்னேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமேன்னு இன்னும் அதிகமாப் பேசினேன். நடுவுல ஒரு பெரிய குழி. குழின்னு கத்தினேன். அவரு எந்திரிக்கலை. நான் சொன்னதை நம்பலையா, கவனிக்கலையா, தெரியலை. தூக்கிப் போட்டதுல ரெண்டு பேருக்கும் பல்லு இடிச்சுச்சு. முட்டைக் கணக்குச் சொல்வாருன்னு காத்திருந்தேன். சொல்லலை.

கோயில்பட்டியில ஒரு கல்யாண மண்டபத்துல மத்தியானச் சாப்பாடு. நான் எலையில என்ன எங்க இருக்குன்னு சொல்லிக்கிட்டிருக்கேன், வலது ஓரம் அப்பளம், அதுக்குப் பக்கத்துல பூசணிக்கூட்டுன்னு. அவரு கையாலயே தடவிப் பாத்துக்கிட்டு, மெதுவாக் கேட்டாரு, "மிதுனா யாரு ஜாடை?"

உங்க ஜாடைதான் மாமா.

"வைப்பாத்துல தண்ணி போச்சா?"

அது வேற, இது வேற மாமான்னேன்.

"எது வேறன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

தொட்டுப் பாத்தாத் தெரியாதான்னு கேப்பீங்க. நானும் அதைத்தான் கேட்டேன். மூக்கு, காது, நெத்தி எல்லாந் தொட்டாத் தெரியும், ஜாடை தெரியாதுன்னாரு. அது பாக்கறவங்க சொல்லித்தான் தெரியணும்னாரு. யோசிச்சுப் பாத்தா அது சரிதானுங்க. ஜாடைன்னா மூக்குலயா இருக்கு, கண்ணுலயா இருக்கு? பாத்ததும் அட, அப்பனை உரிச்சு வெச்சிருக்கேன்னு ஒருத்தரு சொல்றதுலதான் இருக்கு. அவருக்கு அதைச் சொல்ல என்னை விட்டா யாரு. எத்தனையோ கூட்டிச் சொன்னேன், ஒத்துக்கறேன். ஆனா எம்பொண்ணு ஜாடையை மட்டும் நான் கூட்டலைங்கக்கா. அதுதான் நான் அவருக்குச் சொன்னதுலயே சுத்தமான நெசம். அதைத்தான் இப்ப அவரு நம்பலை.

நான் திருப்பிக் கேட்டேன். கண்ணாடி அழுக்கா இருக்குன்னு என்னைக் கழுவ வெச்சீங்களே, அது என்னன்னு. அவரு மோரு ஊத்தச் சொல்லிக் கையை ஏந்தினாரு.

மறுநாள் விடிஞ்சதும் டாக்டரம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டாங்க. உங்க வீட்டுக்காரரு நல்லசிவம் அண்ணா வேற கேப்டன் கேக்கறாரும்மா, நீங்க வருத்தப்படாதீங்க, ஒரே ஆளோட போனா அலுப்பா இருக்கும், மாத்திக்கறது வழக்கந்தான்னாங்க. அவங்களும் எனக்குக் கூட்டித்தான் சொல்றாங்கன்னு புரிஞ்சுது. அவரு என்கிட்டயே கேட்டிருக்கலாம். அதுதான் எனக்கு வருத்தம்.

அவருக்கு வந்தது சந்தானம்னு ஒருத்தரு. போஸ்ட் ஆபீஸ்ல வேலை. அந்த ஆளு வாயில இருந்து மூணே வார்த்தைதான் வரும். குழி. மேடு. பிரேக். சாப்டீங்களான்னு கேட்டா தலையை ஆட்டுவாரு, கண்ணு தெரியாதவருகிட்ட. அந்த ஆளுகூட இவரு எப்படித்தான் ஓட்டினாரோ. அதுவரைக்கும் சந்தானம் பின்னாடி இருந்த அபிதாங்கற காலேஜ் புள்ளையை என் பின்னாடி ஏத்தி விட்டாங்க. பொறந்ததுல இருந்தே பார்வை கிடையாது, மதுரையில ஒரு பயிற்சி இல்லத்துல தங்கிப் படிக்கறா. அக்கா, இப்ப என்ன இருக்குக்கா, இப்ப என்ன இருக்குக்கான்னு கேட்டுக்கிட்டே வந்தா. ஒண்ணுமில்லை சாமி, பொட்டக்காடு, ரெண்டு பனமரம், உடைஞ்ச பைப்பு ஒண்ணு, பைப்பு மேல ஒரு நாயின்னு சொல்லிட்டு வந்தேன். அதுக்கே அவளுக்கு அத்தனை சந்தோசம். நீங்க நல்லாச் சொல்றீங்கக்கான்னா. அவகிட்டக் கூட்டிச் சொல்லத் தோணலை. அவ மேல எனக்கு என்ன அப்படிப் பாசம்.

நாங்குநேரி தாண்டினா ரெண்டு பக்கமும் காத்தாடி. பெருசு பெருசா, மின்சாரம் எடுக்கறது. முன்னாடி அவரு முதுகு தெரியுது. சட்டை வேர்வையில ஒட்டிக்கிட்டு. அவரு தலையை ஒரு பக்கமாச் சாய்ச்சுக்கிட்டே போறாரு. எனக்குப் பொறுக்கலை. மாமா, வலது கைப்பக்கம் காத்தாடிங்க, வெள்ளையா, வானத்தைத் தொடற மாதிரி இருக்குதுன்னு கத்தினேன். அவரு திரும்பலை. அபிதா பின்னாடி இருந்து, "அவங்களுக்குக் கேக்குதுக்கா, காத்தாடிச் சத்தம் எனக்கே நல்லாக் கேக்குது"ங்கறா. கேக்கறதும் பாக்கறதும் ஒண்ணாயிருமா? சின்னப் புள்ளை, அதுக்கு என்ன தெரியும்.

கன்னியாகுமரியில கழுத்துல மெடல் போட்டாங்க. போட்டோ எடுத்தாங்க. எல்லாரும் கடல்ல காலை நனைச்சுக்கிட்டு நிக்கறாங்க. நான் அவருக்கு இந்தப் பக்கம், சந்தானம் அந்தப் பக்கம். சாயங்காலம். சூரியன் எறங்கறதைப் பாக்கத்தான் அத்தனை கூட்டம். அவரு மூஞ்சியைத் திருப்பி, சந்தானம் பக்கமாத் திருப்பி, "எறங்கிருச்சுங்களா?"ன்னு கேட்டாரு.

"மேகம். தெரியலை"ன்னாரு அந்த மனுசன்.

இவரு சரின்னு தலையை ஆட்டினாரு. அத்தனை நிம்மதி அந்த மூஞ்சியில. நானா இருந்தா செக்கச்செவேல்னு தாம்பாளம் மாதிரி எறங்குது, கடலெல்லாம் குங்குமம்னு சொல்லியிருப்பேன். மேகம், தெரியலையாம். அதைக் கேட்டு ஒரு மனுசனுக்கு நிம்மதி வருதுன்னா, நான் மூணு வருசமா என்னத்துக்குத் தொண்டை வத்தக் கத்தினேன்? நான் கொஞ்சம் தள்ளிப் போயி நின்னு அழுதேன். கடல் சத்தத்துல அவருக்குக் கேட்டிருக்காது. திரும்பி வந்து, அலை நல்லா இருக்குதுங்க மாமான்னு சொன்னேன்.

திண்டுக்கல்லு வந்திருச்சுங்களா? இல்லையா, இது வேடசந்தூரா. தண்ணி குடிங்க, பாட்டில் இருக்கு.

ஊருக்கு வந்த கொஞ்ச நாள்ல அபிதா சொன்ன அந்தப் பயிற்சி இல்லத்துக்குப் போறேன்னு கிளம்பிட்டாரு. கோல் புடிச்சுத் தனியா நடக்க, போன்ல படிக்க, டெலிபோன் வேலை பழகன்னு ஒரு வருசம் கத்துக்குடுக்கறாங்களாம். நல்லதுதானுங்களே. நானும் அப்படித்தான் எல்லாருகிட்டயும் சொல்றேன், வேலைக்குப் படிக்கப் போயிருக்காருன்னு. தெனமும் போன் பண்ணுவாரு. பாப்பாகிட்ட ரொம்ப நேரம் பேசுவாரு. என்கிட்டச் சாப்டியாம்பாரு. சாப்டேங்கறதுக்குள்ள சரி வெச்சிடறேன்னு வெச்சிருவாரு. சாப்டேன்னு சொன்னா அதையாவது நம்பறாரான்னு எனக்கு ஒரு சந்தேகம்.

இன்னைக்கு அவரு வரச் சொல்லலைங்கக்கா. ஏறின உடனே உங்ககிட்ட என்னமோ சொன்னேன், ஆரப்பாளையத்துல வந்து நிப்பாருன்னு. அப்படியே வாயில வந்திருச்சு. நாங்க வர்றது அவருக்குத் தெரியாது. ஸ்டாண்டுல இருந்து ஆட்டோவுல பத்து நிமிசம்னு அபிதாகிட்டக் கேட்டு வெச்சிருக்கேன். சாயங்காலம் வாசல்ல கோலை வெச்சு நடந்து பழகுவாராம்.

கோவமா வரலைங்க. சண்டைக்கும் இல்லை. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நீங்க காசு போட்டதைப் பாத்ததுல இருந்தே கேக்கலாமா வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டே வர்றேன். உங்களுக்கு நான் யாரு? அவரு யாரு? ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதனாலதான் கேக்கறேன். சொந்தக்காரங்க சொன்னா நான் சொல்லிக்குடுத்துச் சொல்றாங்கம்பாரு. இந்தாங்க போனு, இதுல இருக்கறது கண்ணு நல்லா இருந்தப்ப எடுத்தது, லாரி முன்னாடி நிக்கறாரு பாருங்க. நல்லாப் பெருசு பண்ணிப் பாருங்க. இப்ப இவளைப் பாருங்க. இருங்க, முடியை ஒதுக்கி விடறேன். மூஞ்சியை இந்தப் பக்கம் திருப்பறேன். வெளிச்சம் படுதுங்களா?

நீங்க அவருகிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லணும். உங்க ஜாடைதானுங்கன்னு சொல்லிருங்க. அப்படி இல்லைன்னாலும்... இல்லை. இல்லைங்கக்கா, அப்படிச் சொல்லாதீங்க. இருக்கறதை மட்டும் சொல்லுங்க. என் ஜாடைன்னா என் ஜாடைன்னே சொல்லுங்க. யாரு ஜாடையும் இல்லைன்னா அதையே சொல்லுங்க. மேகம், தெரியலைன்னு அந்த சந்தானம் சொன்ன மாதிரி.

ஏனுங்க இவ்வளவு நேரம் பாக்கறீங்க? வேண்டாம், வேண்டாம், என்கிட்டச் சொல்லாதீங்க. எனக்குத் தெரிஞ்சா நான் எதையாச்சும் ஒட்டிச் சேத்துருவேன். என் வாயி எனக்குத் தெரியும். பத்து நிமிசம் எங்ககூட ஆட்டோவுல வந்து அவருகிட்டயே நேராச் சொல்லிட்டுப் போயிருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். நான் பக்கத்துல நிப்பேன், வாயே திறக்கமாட்டேன். இவ மேல சத்தியம்.

அப்புறம் ஒண்ணே ஒண்ணு. எல்லாம் சொல்லி முடிச்சதும், சுகந்தியும் இங்கதான் நிக்கறாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்கக்கா. நான் பேசலைன்னா அவருக்கு எப்படித் தெரியும்.